மர்மக் கதையில் மறைந்து போனவர்கள்

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

மர்மக் கதைகளைப் பற்றி இன்று பேசலாம் என்றிருக்கிறேன். மர்மக் கதைகளிலும் ஒரு வகையைப் பற்றி மட்டும். தலை நரைத்த, அனுபவம் முதிர்ந்த ஒரு துப்பறிவாளர். ஒன்றன்பின் ஒன்றாகக் கொலை செய்துகொண்டு போகும் ஒருவன். அவனை இவர் தேடிப் பிடிக்கிறார். இவ்வளவுதான் கதை. ஆனால் இந்தக் கதையை உலகம் நூறாண்டுகளுக்கு மேலாகச் சலிக்காமல் கேட்டுக்கொண்டிருக்கிறது. இலக்கியம் பேசும் இடத்தில் இதற்கென்ன வேலை என்று முகஞ்சுளிப்பவர்கள் இருப்பார்கள். அப்படி முகஞ்சுளித்த சிலருடைய தலையணையின் கீழே இத்தகைய புத்தகமொன்று இருந்ததை நான் கண்டிருக்கிறேன். ஆகவே தயக்கமின்றித் தொடங்குகிறேன்.

நான் உடப்பில் பிறந்தவன். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு, நடுவே மணல். அந்த மணலில்தான் எங்கள் ஊர். ஊரவர்கள் கரைவலை இழுப்பவர்கள். அம்பாப் பாடல்களுக்காக ஆய்வாளர்கள் எங்களைத் தேடி வருவதுண்டு. மர்மக் கதைக்காக எவரும் வந்ததில்லை. கரைவலைக் காலத்தில் விடியுமுன்பே வலை வளைக்க வேண்டியிருப்பதால் ஆண்கள் பலர் வீட்டுக்குப் போகாமல் வாடியிலோ, வாடிக்கு முன்னால் மணலிலோ படுத்துவிடுவார்கள். ஒரு சாக்கு விரிப்பு. சாரத்தைத் தலைவரை இழுத்து மூடிக்கொண்டால் அதுதான் போர்வை. கதவில்லை, பூட்டில்லை. பள்ளி விடுமுறையில் நானும் என் பாட்டனாரோடு அங்கே படுப்பதுண்டு. எழுபதுகளின் தொடக்கம் அது.

வாசிகசாலையிலிருந்து அட்டை கிழிந்த தமிழ்வாணன் நாவலொன்றைக் கொண்டுபோயிருந்தேன். எந்த நாவல் என்பது இப்போது மறந்துவிட்டது. அரிக்கன் லாம்பின் வெளிச்சத்தில் படித்து முடித்தபின் உறக்கம் வரவில்லை. அலைச் சத்தத்துக்குள் யாரோ நடந்து வருவது போலிருந்தது. பாட்டனார் விழித்துப் பார்த்தார். "என்ன தம்பி, இன்னும் தூங்கலையா?" என்றார். கதையைச் சொன்னேன். சங்கர்லால் எப்படித் தேநீர் அருந்தினார், எப்படி யோசித்தார், கொலைகாரன் எந்த இடத்தில் தவறு செய்தான், எப்படி அகப்பட்டான் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு ஒரேயொரு கேள்வி கேட்டார்.

"செத்தது யாரு தம்பி?"

எனக்குத் தெரியவில்லை. முதல் அத்தியாயத்தில் ஒரு மனிதர் இறந்து கிடந்தார். அவருக்கு ஒரு பெயரும் இருந்திருக்கும். அந்தப் பெயரை நான் வாசித்தும் இருப்பேன். ஆனால் மனதில் நிற்கவில்லை. "பேரு தெரியாத பிணத்துக்கா இவ்வளவு ஓட்டம்?" என்று சொல்லிவிட்டுப் பாட்டனார் மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் அவரைக் குறைவாக எடைபோட்டேன். மர்மக் கதையின் சுவை அறியாதவர் என்று நினைத்தேன். அந்தக் கேள்வி எத்தகையது என்று விளங்க எனக்குப் பல ஆண்டுகள் சென்றன.

துப்பறியும் கதை நமக்கு மேற்கிலிருந்து வந்தது. ஆர்தர் கொனன் டொயில் ஷெர்லொக் ஹோம்ஸை 1887ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்தினார். தமிழில் ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் போன்றோர் அந்த வகையை வளர்த்தார்கள். வடுவூராரின் திகம்பர சாமியார் தமிழ் வாசகர் மறக்காத துப்பறிவாளர். பின்னர் சங்கர்லால் வந்தார், சுஜாதாவின் கணேஷும் வசந்தும் வந்தார்கள், ராஜேஷ்குமாரின் மாத நாவல்கள் வந்தன. பஸ் நிலையக் கடைகளில் அவை தொங்கிய காலம் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். அவற்றில் பெரும்பாலானவை ஒரு கொலை, ஒரு காரணம் என்று போகும். சொத்து, காதல், பழி. காரணத்தைக் கண்டுபிடித்தால் ஆளைக் கண்டுபிடிக்கலாம்.

தொடர் கொலைகாரனின் கதை அப்படியன்று. கொல்பவனுக்கும் கொல்லப்படுபவருக்கும் முன்பின் அறிமுகமில்லை. சொத்துமில்லை, பகையுமில்லை. துப்பறிவாளர் வழக்கமாகப் பிடித்துக்கொண்டு நடக்கும் கயிறு இங்கே அறுந்துவிடுகிறது. இதனால்தான் எழுத்தாளர்கள் கொலைகாரனின் மனத்துக்குள்ளேயே இறங்கிவிடுகிறார்கள். அவனுடைய இளமைக்காலம், அவன் பட்ட அவமானம், அவனுடைய விசித்திரப் பழக்கங்கள் என்று பக்கங்கள் நிரம்புகின்றன. எதிரே துப்பறிவாளர், அவருக்கும் ஒரு துயரம் வேண்டுமே, மனைவியை இழந்தவராகவோ மதுவில் மூழ்கியவராகவோ இருப்பார். இந்த இருவருக்கும் இடையில், இறந்து கிடப்பவர் ஒரு எண்ணாகிவிடுகிறார். முதலாவது, இரண்டாவது, மூன்றாவது.

ஹோம்ஸ் பிறந்த மறு ஆண்டு, அதாவது 1888இல், இலண்டனின் வைட்சபல் பகுதியில் பெண்கள் அடுத்தடுத்துக் கொல்லப்பட்டார்கள். கொன்றவனுக்குப் பத்திரிகைகள் வழியே ஜாக் த ரிப்பர் என்ற பெயர் நிலைத்தது. பிரெடரிக் அபர்லைன் என்ற அனுபவசாலியான பரிசோதகர் தேடியும் அவன் அகப்படவில்லை. கதையில் ஹோம்ஸ் எல்லாவற்றையும் கண்டுபிடித்துக்கொண்டிருந்த அதே நகரில்தான் இது நடந்தது. இன்றுவரை அவன் யார் என்று ஊகித்து எழுதப்பட்ட நூல்கள் ஒரு நூலகத்தையே நிரப்பும். கொல்லப்பட்ட ஐந்து பெண்களைப் பற்றிய முழு நூலொன்று 2019ஆம் ஆண்டில் வந்தது. ஹலி ருபன்ஹோல்ட் என்ற வரலாற்றாசிரியை எழுதியது அது. கொலைகளைப் பற்றி அதில் மிகக் குறைவாகவே இருக்கிறது. அந்தப் பெண்கள் எங்கே பிறந்தார்கள், யாரை மணந்தார்கள், எப்படி வறுமைக்குள் வீழ்ந்தார்கள் என்பதே நூல். ஐவருமே விலைமாதர் என்று நூற்றாண்டுக்கு மேலாகச் சொல்லப்பட்டதை அவர் மறுக்கிறார். அவர்களிற் பலர் தங்க இடமின்றித் தெருவில் உறங்கியவர்கள் என்றும், உறக்கத்திலேயே கொல்லப்பட்டிருக்க வேண்டும் என்றும் வாதிடுகிறார். இதை ஏற்காத ஆய்வாளர்களும் உண்டு. ஆனால் "உறங்கியவர்கள்" என்ற அந்தச் சொல்லைப் படித்தபோது எனக்கு எங்கள் வாடிதான் நினைவுக்கு வந்தது. கூடவே பம்பாய் வழக்கும்.

அந்த வழக்கைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். எங்கள் துணைக்கண்டத்தில் இந்த வகைக் கதைக்கெல்லாம் மூலவேர் அதுதான்.

1965, 66ஆம் ஆண்டுகளில் பம்பாயின் கிழக்குப் புறநகரில், ஜி.ஐ.பி. ரயில் பாதையை ஒட்டிய சேரிகளிலும் நடைபாதைகளிலும் உறங்கியவர்கள் இரவில் தாக்கப்பட்டார்கள். தாக்கப்பட்ட பத்தொன்பது பேரில் ஒன்பது பேர் இறந்தார்கள். தப்பியவர்களாலும் தாக்கியவனை அடையாளம் சொல்ல முடியவில்லை, ஏனெனில் அவர்கள் உறக்கத்தில் இருந்தார்கள். அப்பகுதியில் அலைந்து திரிந்த ஒருவனைப் பொலிஸார் பிடித்தார்கள். வீடு வாசல் இல்லாதவன், முன்பு கொள்ளைக் குற்றத்துக்காகச் சிறையிருந்தவன். பெயர் ராமன் ராகவ். ஆனால் சாட்சி இல்லை. சாட்சி இல்லாமல் ஒருவனை வைத்திருக்கச் சட்டம் இடந்தரவில்லை. விட்டுவிட்டார்கள்.

1968ஆம் ஆண்டு கொலைகள் மீண்டும் தொடங்கின. அதே முறை. இரவு, குடிசை, உறங்குபவர், கனமான ஓர் ஆயுதம். நகரம் நடுங்கிப்போயிற்று. வெளியில் படுத்தவர்கள் உள்ளே போனார்கள். உள்ளே போக இடமில்லாதவர்கள் கம்பும் தடியுமாக முறைவைத்துக் காவலிருந்தார்கள். பம்பாயில் நடைபாதையில் உறங்குவது ஒரு பழக்கமன்று நேயர்களே, அதுதான் பலருக்கு வீடு. அந்த வீட்டையும் ஒருவன் பறித்துக்கொண்டான்.

விசாரணையை ஏற்றவர் ரமாகாந்த் குல்கர்ணி, குற்றப் புலனாய்வுப் பிரிவின் பிரதி ஆணையாளர். இந்தியாவின் ஷெர்லொக் ஹோம்ஸ் என்று பத்திரிகைகள் அவரைப் பிற்காலத்தில் புகழ்ந்தன. எனக்கு அந்தப் புகழுரை அவ்வளவு பொருத்தமாகப் படவில்லை. ஹோம்ஸ் ஒருவரின் சப்பாத்திலிருக்கும் சேற்றைப் பார்த்து அவர் எங்கிருந்து வந்தார் என்று சொல்லிவிடுவார். பம்பாயில் நடந்தது வேறு. பழைய கோப்புகளைத் தூசு தட்டினார்கள். 1966இல் பிடித்து விட்டவனின் படமும் அங்க அடையாளங்களும் நிலையங்கள் தோறும் போயின. 1968 ஆகஸ்ட் 27ஆம் திகதி அலெக்ஸ் ஃபியால்ஹோ என்ற உப பரிசோதகர் தெருவில் போன ஒருவனைக் கண்டு, படத்தில் இருப்பவன் இவன்தான் என்று அடையாளம் கண்டார். துப்பாக்கிச் சூடு இல்லை, துரத்தல் இல்லை. அந்த இடத்து மனிதர் இருவரைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு அவனைச் சோதித்தார்கள்.

அவனிடம் இருந்த பொருட்களின் பட்டியல் பதிவாகியிருக்கிறது. ஒரு மூக்குக்கண்ணாடி, இரண்டு சீப்பு, ஒரு கத்தரிக்கோல், ஊதுபத்தித் தட்டு, சவர்க்காரம், உள்ளிப்பூண்டு, கொஞ்சம் தேயிலைத்தூள், கணக்குகள் எழுதிய இரண்டு கடதாசித் துண்டுகள். உடுத்திருந்த சட்டையிலும் காக்கிக் காற்சட்டையிலும் இரத்தக் கறை. இந்தப் பட்டியலை எந்த நாவலாசிரியராவது கற்பனையில் எழுதியிருப்பாரா என்று நான் யோசிப்பதுண்டு. உள்ளிப்பூண்டை எழுதியிருக்கமாட்டார். கொலைகாரனின் பைக்குள் ஒரு மர்மக் கடிதமோ, ஒரு சிவப்பு ரோஜாவோதான் இருந்திருக்கும்.

பெயர் கேட்டதற்கு ராமன் ராகவ் என்றான். பதிவேட்டில் சிந்தி தல்வாய் என்று வேறொருவன் இருந்தான். அண்ணா, தம்பி, வேலுசாமி என்றெல்லாமும் பெயர்கள் இருந்தன. கைரேகையை ஒப்பிட்டபோது சிந்தி தல்வாயும் இவனும் ஒருவனே என்று தெரியவந்தது. கைரேகைக்கான உலகின் முதலாவது பணியகம் 1897ஆம் ஆண்டு கல்கத்தாவில்தான் தொடங்கியது என்பதை இவ்விடத்தில் சொல்லிவைக்கலாம். அசிசுல் ஹக், ஹேமச்சந்திர போஸ் ஆகிய இரு இந்திய அதிகாரிகளின் உழைப்பு அதில் உண்டு. மேலதிகாரியாக இருந்த எட்வர்ட் ஹென்றியின் பெயர்தான் அந்த முறைக்கு நிலைத்தது. பெயர் மறைந்துபோவது கொலையுண்டவர்களுக்கு மட்டும் நேர்வதன்று.

வேலுசாமி, தம்பி என்ற பெயர்களைக் கேட்டதும் தமிழ் நேயர்களுக்கு ஒரு கணம் சுருக்கென்றிருக்கும். எனக்கும் இருந்தது. பிழைப்புத் தேடிப் பம்பாய்க்குப் போன எத்தனையோ தமிழர் அந்த நடைபாதைகளில் உறங்கியவர்கள். அவர்களுக்கும் தம்பி என்றும் அண்ணா என்றும்தான் பெயர்.

அவன் பல நாட்கள் வாய் திறக்கவில்லை. என்ன வேண்டும் என்று கேட்டார்கள். கோழிக்கறி என்றான். கொடுத்தார்கள். இன்னும் கேட்டான், இன்னும் கொடுத்தார்கள். பிறகு தலைக்கு எண்ணெய், சீப்பு, கண்ணாடி கேட்டான். எண்ணெய் தேய்த்து, தலை வாரி, கண்ணாடியில் முகம் பார்த்தபின், உங்களுக்கு என்ன தெரிய வேண்டும் என்று அவனே கேட்டானாம். அதன்பின் நகரத்தைச் சுற்றிக்கொண்டுபோய், எங்கே என்ன நடந்தது, ஆயுதங்கள் எங்கே ஒளித்துவைக்கப்பட்டன என்று காட்டினான். நாற்பத்தொரு பேர் என்ற கணக்கு அவன் வாக்குமூலத்திலிருந்துதான் வருகிறது.

நாற்பத்தொன்று! 1966ஆம் ஆண்டுக் கொலைகளில் பொலிஸ் அறிந்தவை ஒன்பது. அந்தப் பகுதியில் மட்டும் இருபத்துமூன்று என்றான் அவன். அவன் சொன்னது உண்மையாயின் மிகுதிப் பேர் எங்கே? நடைபாதையில் ஒருவர் காலையில் எழவில்லை என்றால், எழவில்லை என்று சொல்ல ஒருவர் வேண்டும். அப்படி எவரும் இல்லாதவர்களாக அவர்கள் இருந்திருக்கலாம். அல்லது அவன் மனம் எண்ணிக்கையைப் பெருக்கியிருக்கலாம். எப்படியாயினும், கொல்லப்பட்டவர்களின் தொகையைக் கொன்றவனிடமே கேட்டறிய வேண்டிய நிலை ஒரு மாநகருக்கு ஏற்பட்டது. என் பாட்டனாரின் கேள்வி எனக்கு முழுமையாக உறைத்தது இந்த இடத்தில்தான். செத்தது யார்?

1969 ஜூனில் வழக்கு விசாரணைக்கு வந்தபோது குற்றப்பத்திரத்தில் இருந்தது மாலாட் பகுதிக் கிராமமொன்றில் கொல்லப்பட்ட இருவரின் கொலை. அந்த இரண்டு பெயர்கள் நீதிமன்ற ஏட்டில் இருக்கின்றன. அந்த மட்டில் அவர்கள் பாக்கியசாலிகள்.

இங்கேதான் உண்மை வழக்கு நாவலைவிட்டு வெகுதூரம் விலகிப் போகிறது. நாவல் என்றால் ஆள் அகப்பட்டதும் முடிந்துவிடும். அகப்படும்போதே நாயகனின் கையால் இறந்தால் இன்னும் வசதி. பம்பாயில் கதை தொடர்ந்தது. பொலிஸ் வைத்தியர் ஒரு மாதமளவில் அவனைக் கவனித்து, இவனுக்குச் சித்தம் பிறழவில்லை, தன் செயலை அறிந்தவன் என்று அறிக்கை கொடுத்தார். மரணதண்டனை விதிக்கப்பட்டது. மேன்முறையீடு செய்ய அவன் மறுத்தான். ஆனாலும் மரணதண்டனையை உயர்நீதிமன்றம் உறுதிசெய்ய வேண்டும் என்பது சட்டம். உயர்நீதிமன்றம் மூன்று மனநல நிபுணர்கள் கொண்ட குழுவை அமைக்கச் சொன்னது. அவர்கள் ஐந்து தடவைகள், ஒவ்வொரு தடவையும் இரண்டு மணிநேரம் அவனோடு பேசினார்கள். கடைசிச் சந்திப்பின் முடிவில் விடைபெறும் முறையில் கைகொடுக்க முன்வந்தார்கள். அவன் கைகொடுக்கவில்லை. தான் சட்டத்தின் பிரதிநிதி, பாவ உலகத்தைச் சேர்ந்தவர்களைத் தொடமாட்டேன் என்றான். தீராத மனச்சிதைவு நோய் என்று குழு முடிவு சொன்னது. இறுதியில், 1987இல், அவன் தண்டனை ஆயுட்சிறையாகக் குறைக்கப்பட்டது. பூனாவிலுள்ள எரவாடாச் சிறையில் இருந்து, 1995ஆம் ஆண்டு சசூன் வைத்தியசாலையில் சிறுநீரக நோயால் இறந்தான்.

அந்தக் கைகொடுக்காத காட்சியை ஒரு நாவலாசிரியன் எழுதியிருந்தால் நாம் அவனை மேதை என்போம். கொன்றவன் தன்னைச் சட்டம் என்கிறான். சட்டமோ அவனைத் தண்டிக்கலாமா என்று தன்னையே கேட்டுக்கொண்டிருக்கிறது. நான் வாசித்த தமிழ் மர்ம நாவல்களில் எதுவும் இந்தக் கதவைத் தட்டவில்லை. இதைக் குறையாகவே சொல்கிறேன்.

நம் திரைப்படங்கள் இந்த வகையை எப்படி எடுத்தன என்று பார்க்கலாம். 1978ஆம் ஆண்டு பாரதிராஜாவின் "சிகப்பு ரோஜாக்கள்" வந்தது. ராமன் ராகவின் வழக்கே அதற்கு வித்து என்று சொல்வார்கள். ஆனால் படத்தில் கொலைகாரன் கமல்ஹாசன். அழகன், செல்வந்தன், மாளிகையும் ரோஜாத் தோட்டமும் உடையவன். நடைபாதை மாளிகையாகிவிட்டது. 2006இல் வந்த "வேட்டையாடு விளையாடு" படத்தில் அதே கமல்ஹாசன் அனுபவசாலியான பொலிஸ் அதிகாரியாகக் கொலைகாரரை அமெரிக்காவரை துரத்துகிறார். அந்த அதிகாரியின் பெயர் ராகவன்! 2016இல் அனுராக் காஷ்யப் எடுத்த இந்திப் படத்திலோ கொலைகாரன் ரமன்னா, அவனைத் தேடும் பொலிஸ் அதிகாரி ராகவன். ஒரு பெயரை இரண்டாக வெட்டி இருவருக்கும் பங்கிட்டிருக்கிறார் இயக்குநர். கொல்பவனும் தேடுபவனும் ஒன்றே என்று அவர் சொல்ல வருவது புத்திசாலித்தனமான எண்ணம்தான். ஆனால் இரண்டு பேருக்கும் பங்கிட்ட பின் மூன்றாமவருக்கு, மண்ணில் கிடப்பவருக்கு, பெயரில் ஓர் எழுத்துக்கூட மிஞ்சவில்லை.

பம்பாய் வழக்கைப் படித்தபோது எனக்கு நினைவு வந்தது துப்பறியும் நாவல் எதுவுமன்று. பாரதம். எங்கள் ஊர்த் திரௌபதை அம்மன் ஆலயத்தில் ஆடி மாதத் திருவிழாவும் தீமிதிப்பும் எவ்வளவு பிரசித்தம் என்பது நேயர்கள் அறிந்ததே. நாங்கள் பாரதத்தைப் புத்தகத்தில் படிக்குமுன் காதால் கேட்டவர்கள். அந்தப் பாரதத்தில் உறங்குபவர்களைக் கொன்ற ஒருவன் இருக்கிறான்.

பதினெட்டாம் நாள் போர் முடிந்த இரவு. அசுவத்தாமன் ஆலமரத்தடியில் விழித்திருக்கிறான். மரத்தில் உறங்கும் காக்கைகளை ஓர் ஆந்தை வந்து கொல்வதைப் பார்க்கிறான். அவனுக்கு வழி பிறக்கிறது. உறங்குபவரைக் கொல்வது அறமன்று என்று மாமன் கிருபர் தடுக்கிறார். கேட்கவில்லை. பாசறைக்குள் நுழைகிறான். திருஷ்டத்துய்மன், என்னை ஆயுதத்தால் கொல் என்று கெஞ்சுகிறான். அதற்குக்கூட இடங்கொடாமல் உதைத்தே கொல்கிறான். பின்னர் திரௌபதையின் பிள்ளைகள். இந்த இடத்தில் வியாசர் ஒரு காரியம் செய்கிறார். ஐந்து பிள்ளைகள் இறந்தார்கள் என்று ஒரே வரியில் கடந்து போகவில்லை. பிரதிவிந்தியன், சுதசோமன், சதானீகன், சுருதகர்மன், சுருதகீர்த்தி என்று ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி, ஒவ்வொருவரும் எப்படி எழுந்தார், எப்படி எதிர்த்தார், எப்படி வீழ்ந்தார் என்று தனித்தனியே சொல்கிறார். தமிழில் வில்லிபுத்தூரார் தம் பாரதத்தை நிறைவுசெய்வதும் இந்தச் சௌப்திக பருவத்தோடுதான். சுவர்க்கம்வரை போகவில்லை. உறங்கியவர்கள் கொலையுண்ட இரவையும் அதன் விடியலையும் பாடி நிறுத்திக்கொள்கிறார்.

அதன்பின் நடப்பது அசல் துப்பறியும் கதை. திரௌபதை உண்ணாநோன்பிருக்கிறாள். அவனைத் தேடிப் பிடியுங்கள், அவன் தலையிலுள்ள மணியைக் கொண்டுவாருங்கள் என்கிறாள். பீமன் புறப்படுகிறான், கண்ணனும் அருச்சுனனும் பின்தொடர்கிறார்கள். பிடிபடுகிறான். ஆனால் கொல்லவில்லை. மணியைப் பறித்துக்கொண்டு, மூவாயிரம் ஆண்டுகள் துணையின்றி, பேச ஆளின்றி அலைந்து திரி என்று கண்ணன் சபிக்கிறான். பம்பாய் உயர்நீதிமன்றத்தின் முடிவு எனக்கு அந்தச் சாபத்தை நினைவூட்டியது என்று சொன்னால் சட்டம் படித்தவர்கள் கோபிப்பார்கள். கோபிக்கட்டும். அசுவத்தாமன் பித்தனல்லன், அவனுக்குக் காரணம் இருந்தது, தந்தையைக் கொன்ற பழி இருந்தது. அந்த வேறுபாடு பெரிது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

நான் சொல்ல வந்தது வேறு. பாரதம் கேட்டு வளர்ந்த என் பாட்டனாருக்கு, இறந்தவனின் பெயர் தெரியாத கதை கதையாகவே படவில்லை. அவர் மர்மக் கதையின் சுவை அறியாதவரல்லர். அதைவிடக் கடுமையான கதையை அறிந்தவர். வெளி மணலில் சாரத்தை மூடிக்கொண்டு படுக்கும் மனிதர் வேறு எதைக் கேட்பார்?

நம் நாட்டிலும் இத்தகைய பயம் வந்துபோனது. இரத்தினபுரி மாவட்டத்தில், கஹவத்தைக்கு அருகே கொட்டகெத்தனப் பகுதியில், 2008ஆம் ஆண்டுக்குப் பிந்திய ஆண்டுகளில் பெண்கள், அவர்களிற் பலர் வயது முதிர்ந்தவர்கள், ஒருவர்பின் ஒருவராகக் கொல்லப்பட்டார்கள். மரபணுப் பரிசோதனை அந்த விசாரணைகளில் பயன்பட்டது. தலைப்புச் செய்திகளில் "கொட்டகெத்தனக் கொலைகள்" என்று ஊரின் பெயர்தான் நின்றது. அந்த வயோதிபத் தாய்மாரில் ஒருவருடைய பெயரையாவது நம்மில் எத்தனை பேர் சொல்வோம்? நானும் பத்திரிகை வாசிப்பவன்தான். என்னால் முடியவில்லை.

மர்மக் கதை எழுத விரும்பும் இளைஞர்கள் எங்கள் பகுதியில் இருக்கிறார்கள். சிலர் கைப்பிரதியோடு என்னிடம் வருவதுண்டு. கொலைகாரனின் பாத்திரம் எப்படி என்று ஆவலோடு கேட்பார்கள். நன்றாகவே எழுதுகிறார்கள். முதல் கொலையில் இறக்கும் மனிதர் அன்று காலை என்ன சாப்பிட்டார், யாருக்குக் கடன் கொடுக்கவேண்டியிருந்தது, அவர் வராததை முதலில் கவனித்தவர் யார் என்று நான் கேட்டால் விழிக்கிறார்கள். ஒருவர் மட்டும் திரும்பப் போய் எழுதிக்கொண்டு வந்தார். பத்துப் பக்கம் கூடியிருந்தது. கதை வேகம் குறைந்துவிட்டது ஐயா என்று வருந்தினார். குறைந்துதான் இருந்தது. ஆனால் அந்தக் கொலை நடக்கும் பக்கத்தை என்னால் ஒரே மூச்சில் வாசிக்க முடியவில்லை, புத்தகத்தைக் கீழே வைக்கவேண்டியிருந்தது.

சென்ற கரைவலைக் காலத்தில் ஊருக்குப் போயிருந்தேன். வாடி இன்றும் இருக்கிறது. அரிக்கன் லாம்புதான் இல்லை. என் மருமகன் முறையான பையன் ஒருவன் மணலில் படுத்தபடி கைத்தொலைபேசியில் படம் பார்த்துக்கொண்டிருந்தான். 2018இல் வந்த "ராட்சசன்". பள்ளிச் சிறுமிகளைக் கொல்லும் ஒருவனைத் தேடும் கதை. முடிந்ததும் என்னிடம் முழுக்கதையையும் சொன்னான், ஐம்பதாண்டுகளுக்கு முன் நான் சொன்னதுபோலவே.

"செத்தது யாரு தம்பி?" என்றேன்.

"அம்மு" என்றான் உடனே. "கதாநாயகனோட அக்கா மகள்."

எனக்கு மகிழ்ச்சியாயிருந்தது. "மற்றப் பிள்ளைகள்?" என்றேன்.

அவன் சிறிது நேரம் யோசித்தான். பிறகு தொலைபேசியை எடுத்து, படத்தைத் தொடக்கத்துக்குத் திருப்பினான்.